நாகரிகங்களுக்கு நடுவே ஒரு தொண்டை

மானுட குலம் அறிக: கீழை நாகரிகமும் மேலை நாகரிகமும் நேருக்கு நேர் அமர்ந்து, மனம்விட்டுப் பேசி, நூற்றாண்டுகளின் பகையை இன்று மாலைக்குள் தீர்த்துவிடுவது என்று முடிவாகிவிட்டது.

இந்தத் திருப்புமுனை மொத்தமும் மண்டபத்தின் பின்சுவரை ஒட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த மொழிபெயர்ப்பாளரின் தொண்டை வழியாகத்தான் போய்வர வேண்டியிருந்தது. இரண்டு பேர் மாறி மாறிச் செய்கிற வேலை. ஒருவர் பேசினால் மற்றவர் தண்ணீர் குடிப்பார். கூட்டாளியான நாத்தனார் காய்ச்சலில் விழுந்துவிட, காலையிலிருந்து இவள் ஒருத்தியே இரு நாகரிகங்களுக்கும் மாரடித்துக்கொண்டிருந்தாள். இரு தரப்புப் பேராசிரியர்களும் அவள் சொன்னதைக் கேட்டார்கள், புரிந்துகொண்டார்கள், உடனே எகிறினார்கள். அவர்கள் கத்தியதையும் இவள்தான் கத்த வேண்டியிருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் ஏற்பாட்டாளரிடம் போய் நின்றாள்.

"சார், குரல் போகுது. வேற யாரையாவது வரச் சொல்லுங்களேன்."

"என்னம்மா நீங்க, கடைசி நேரத்துல கழுத்தறுக்கறீங்க? நடுவுல நிறுத்தினா அடுத்த மாநாட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க. அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

அந்த அடுத்த மாநாட்டை நம்பித்தான் அவள் பள்ளிக்கூட வேலையை விட்டிருந்தாள்.

மதியம் மேலைப் பேராசிரியர், "எங்கள் நாகரிகம் செவிமடுக்கும் நாகரிகம்" என்று ஆரம்பித்தார். அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

ஒலிபெருக்கிக்காரர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், மைக்கா?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"பேசாம உக்காருங்க. கேட்டா ஒயர் போச்சுன்னு சொல்லிக்கலாம்."

யாரும் கேட்கவில்லை. காதுக்கருவியில் சத்தம் வராததை மரியாதையான மௌனம் என்று எடுத்துக்கொண்ட கீழைப் பேராசிரியர், கனத்த முகத்தோடு தலையாட்டிவிட்டுத் தன் உரையை வாசித்தார். மேலைப் பேராசிரியரும் அப்படியே தலையாட்டினார். மாலையில் இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏற்பாட்டாளர் கூண்டுக்கு ஓடிவந்தார். "பிரமாதம்மா! காலையில அடிதடி, இப்ப பாருங்க! என்ன மாயம் பண்ணீங்க?"

ஒலிபெருக்கிக்காரர் முந்திக்கொண்டார். "அவங்க மதியத்துலேருந்து வாயே திறக்கலை சார்."

ஏற்பாட்டாளர் உடனே மேடைக்குப் போய் இரு தரப்பின் காதிலும் ஏதோ சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள்.

அடுத்த மாநாட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் வைப்பதில்லை என்று ஒருமனதாக முடிவாயிற்று.