அல்சர் என்று சொன்னேன்

என் மனைவி தபீதாள் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். தப்பைக் கண்டால் திருத்தாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளை ஏழு மாதமாக ஒரு பொய்க்குள் உட்காரவைத்திருந்த மகானுபாவன் நான்.

அவளுக்குச் சினைப்பையில் புற்றுநோய். மகள் ஜோசலினுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். விஷயம் தெரிந்தால் வருகிற சம்பந்தமும் ஓடிவிடும் என்று பயந்து, சபையின் ஜெபக் குறிப்புச் சீட்டில் "தபீதாளுக்கு அல்சர்" என்று எழுதிப் போட்டேன். தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் போட்ட கீமோவில் முடி கொட்டியதும் ஒரு விக் வாங்கித் தந்தேன். கிழக்குத் தாம்பரமே நம்பியது.

"ஆண்டவருக்கே தப்பான விலாசம் குடுத்திருக்கீங்க," என்று அவள் மட்டும் சிரிப்பாள்.

அன்று காலை ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாக வாசித்துக்கொண்டிருந்தோம். அவள் முறையில், பாதி வசனத்தில் நாக்கு குழறியது. வாய் கோணி, வலது கை துவண்டு, மடியிலிருந்த வேதாகமம் நழுவியது. மணி ஆறு நாற்பது. ஜோசலின் காரை எடுத்தாள். ஸ்கூல் வேன்களுக்குள் புகுந்து புகுந்து, இருபத்தைந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள்.

ஜோசலின் பணம் கட்டப் போயிருந்தாள். ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் ஸஹானா வேகமாக வந்தார். "மூளைக்குப் போற குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு சார். அதைக் கரைக்க ஊசி போடணும். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். வேற வியாதி ஏதாவது இருக்கா?"

புற்றுநோய் என்றால் கைவிட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். ஏழு மாதம் பழகிய வாய் வேறு.

"லேசா அல்சர் இருந்துச்சு டாக்டர். இப்ப அதுவும் சரியாயிடுச்சு."

பேச முடியாமல் கிடந்த தபீதாள் என்னைப் பார்த்தாள். பரீட்சைப் பேப்பரில் சிவப்பு மையால் சுழிக்கும் முன் பார்ப்பாளே, அந்தப் பார்வை. இடது கையைத் தூக்கினாள். விக்கைப் பிடுங்கி டாக்டர் கையில் வைத்தாள்.

டாக்டர் அந்த மொட்டைத் தலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கடைசி கீமோ எப்ப?"

"பத்து நாளாச்சு," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சிஸ்டர், ஊசி வேண்டாம். முதல்ல பிளேட்லெட் பாருங்க."

ரத்தத்தை உறையவைக்கும் அந்த அணுக்கள் ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டுமாம்; அறுபதாயிரம்தான் இருந்தது. அந்த ஊசியைப் போட்டிருந்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம் என்றார்.

"கேன்சர்னா வைத்தியம் பண்ண மாட்டீங்களோன்னு..."

"யார் சார் சொன்னது? வேற வழியில பண்ணுவோம். எங்ககிட்ட மறைச்சா எப்படிப் பண்றது?"

தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு அடைப்பை உருவி எடுத்தார்கள். அதுவரை அந்த விக்கை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவள் இல்லாத வீட்டுக்குப் போக எனக்குத் தைரியமில்லை.

"இதுக்காக ஓடுற மாப்பிள்ளை ஓடட்டும்ப்பா," என்றாள் ஜோசலின்.

மூன்றாம் நாள் எங்கள் சபை ஆயர் தனசிங் ஜெபிக்க வந்தார். தபீதாளுக்குப் பேச்சு இன்னும் திரும்பவில்லை. வலது கை விரல்கள் மட்டும் லேசாக அசைந்தன. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நானும் கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, உம்முடைய அடியாளின் அல்சரை..."

"ஐயா," என்றேன். "அல்சர் இல்ல. புற்றுநோய். நான்தான் பொய் சொன்னேன்."

என் உள்ளங்கையில் ஏதோ ஊர்ந்தது. தபீதாளின் விரல் நடுங்கிக்கொண்டே கீழே இறங்கி, மெல்ல மேலே ஏறியது.

சரி என்று டிக் போட்டிருந்தாள்.