இயல்பான வேகம்

எங்கள் தெருவில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டுத் துப்புகிற பெண்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள். துப்பட்டும், வாய் அவர்களுடையது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று என் காதில் விழும்படியே சொல்கிறார்கள். அதையும் சொல்லட்டும். ஆனால் நடந்ததை ஒழுங்காகத் தெரிந்துகொண்டு திட்டினால் எனக்கும் ஒரு திருப்தி இருக்கும். அதனால்தான் நானே சொல்கிறேன்.

என் பெயர் அபிதா. படிப்பு எம்.இ., இன்ஜினீயரிங் மேனேஜ்மென்ட். அம்மை சத்தியபாய் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு அண்டியாபீசில் வேலை பார்த்தாள். வெளியூர்க்காரர்கள் முந்திரிப்பருப்பு ஃபாக்டரி என்பார்கள். முதலில் பல காலம் கொட்டை உடைத்தாள். அந்த எண்ணெய் பட்டுப்பட்டு விரல் ரேகை அழிந்துபோய், ரேஷன் கடை மிஷின் அவளை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடும். பிறகு இந்த ஆபீசில் பருப்பின் மேல்தோலைப் பறிக்கும் பீலிங் பிரிவுக்கு வந்தாள். அப்பா கேரளத்துக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். என்னைப் படிக்க வைத்தது அம்மையின் கத்தி முனை. இதை நான் மறந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் செருப்பு பிய்ந்துவிடும்.

கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் செய்ய வேண்டும். மற்ற பிள்ளைகள் சென்னை, கோயம்புத்தூர் என்று கம்பெனிகளைப் பிடித்தார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்? அம்மைதான் மேனேஜர் சுயம்புராஜின் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்று அனுமதி வாங்கித் தந்தாள். பீலிங் பிரிவில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு பருப்பு என்று நியாயமான அளவை வகுப்பது என் தலைப்பு. அப்போது எட்டு கிலோ பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா வந்தா இங்கயே வேலை போட்டுத் தாறேன்" என்றார் சுயம்புராஜ். என் கைடு வேறு மாதிரி சொன்னார். "பதினைஞ்சு சதவீதமாவது உற்பத்தி கூடணும். கூடலைன்னா வைவாவுக்கு வந்து நிக்காத."

இந்தக் கணக்கில் ஒரே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாப்வாட்ச் காட்டுகிற நேரத்தை அப்படியே எடுக்கக் கூடாது. ஆள் இயல்பாக வேலை செய்கிறாளா, உயிரைக் கொடுத்துச் செய்கிறாளா என்று பார்த்து அதற்கு ஒரு எண் போட வேண்டும். இயல்பு என்றால் நூறு. பேய் பிடித்த மாதிரி செய்தால் நூற்று முப்பது. நேரத்தை அந்த எண்ணால் பெருக்கி நூறால் வகுத்தால்தான் சாதாரண ஆளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று வரும். அந்த எண்ணைப் போடுவது மிஷின் அல்ல, பக்கத்தில் நின்று பார்க்கிற ஆள். அதாவது நான்.

சோதனைக்கு முந்தின நாள், மத்தியானச் சோற்று நேரத்தில் ஞானம் அக்கா எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசியிருக்கிறாள். அங்கே மூத்தவள் அவள்தான். அன்று சாயங்காலம் அம்மை கிழங்கை அவித்து முன்னால் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"மக்கா, நாளைக்கு எல்லாரும் பைய தான் பறிக்கணும்னு ஞானம் சொல்லியிருக்கா. வேகமா பறிச்சா அதையே தலையில கெட்டிருவாவளாம். உனக்க கணக்குக்கு அது மோசமாவுமா?"

"ஆவும்."

"மோசமானா?"

"பாஸாக மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னேன். நீ வேகமாகப் பறி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் வந்து சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன். அம்மை கிழங்குத் தோலை அள்ளிக்கொண்டு எழுந்து போனாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் மீதிக் கிழங்கைத் தின்றேன்.

மறுநாள் ஆளுக்குக் கால் கிலோ பருப்பு கொடுத்து நேரம் பார்த்தேன். ஞானம் அக்காவுக்குப் பதினெட்டு நிமிடம். அடுத்தவளுக்குப் பதினேழரை. எல்லோரும் கல்யாண வீட்டில் வெற்றிலை மடிப்பது போல் ஆற அமரப் பறித்தார்கள், என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள். கடைசியாக அம்மை. குனிந்த தலை நிமிரவில்லை. கத்தி இரண்டு தடவை விரலில் இறங்கியது. பருப்பில் ரத்தம் படாமல் விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி பறித்தாள். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. பதினோரு நிமிடத்தில் கிண்ணம் காலி. ஒரு பருப்பு உடையவில்லை.

"எடி சதிகாரி" என்றாள் ஞானம் அக்கா. சத்தமாகத்தான் சொன்னாள்.

அம்மை என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் நான் பரிசு வாங்கிய நாட்களில் பார்ப்பாளே, அந்தப் பார்வை. நான் குறிப்பேட்டில் எழுதினேன். தேர்ந்த ஆள், சத்தியபாய். நேரம், பதினொன்று. எண் போடும் கட்டத்தில் நூற்று முப்பது என்று எழுத வேண்டும், கண்ணிருக்கிற யாருக்கும் அது தெரியும். நூறு என்று எழுதினேன். மற்றவர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார்கள் என்று குறிப்புப் போட்டு அவர்களுடைய நேரத்தைத் தள்ளிவிட்டேன்.

ஓய்வுக்கும் களைப்புக்கும் கொஞ்சம் கழித்தபின் கணக்கு ஒன்பதரை கிலோ என்று வந்தது. கைடு கை கொடுத்தார். வைவாவில் கைதட்டினார்கள். சுயம்புராஜ் சொன்ன வாக்குத் தவறாமல் என்னைப் புரொடக்‌ஷன் இன்ஜினீயராகப் போட்டார். முதல் ஆறு மாதம் தற்காலிகம்தான். பீலிங் ஹாலுக்கு மேலே கண்ணாடி அறை, சுழல் நாற்காலி. முதல் நாள் அம்மை கீழே உட்கார்ந்தபடி பக்கத்தில் இருப்பவளிடம் விரலை நீட்டி என்னைக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பதரை கிலோ சட்டமானது. ஒரு மாதச் சராசரி அதற்குக் கீழே போனால் ஆளை நிறுத்திவிடலாம் என்றார் முதலாளி. என் ரிப்போர்ட்டின் பக்கத்தைக் காட்டித்தான் சொன்னார். இளையவர்கள் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு எட்டிப் பிடித்தார்கள். மூத்தவர்கள் பதினோரு பேரால் முடியவில்லை. அதில் அம்மையும் ஒருத்தி. ஒருநாள் பதினோரு நிமிடம் ஓடலாம். எட்டு மணி நேரம், ஒரு மாதம், யாரால் ஓட முடியும்? அவளுக்கு பி.எஃப். பிடித்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பத்து முடிந்தால்தான் பென்ஷன். "ஒரு வருஷம் தள்ளிட்டா பின்ன நான் யாருக்கும் பாரமில்ல" என்று வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிறுத்தப்போகிறவர்களின் பட்டியலை டைப் செய்தது நான்தான். வேறு யார் செய்வார்கள்?

சுயம்புராஜ் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் சங்கடப்பட்டார். "உங்க அம்மைக்கு வேண்டி இன்னொரு சோதனை வைப்போம். எல்லார் முன்னாலயும் நீயே நேரம் எடு. பன்னிரண்டரை நிமிஷத்துல முடிச்சா ஒன்பதரை கிலோவுக்கு ஒத்து வரும், அவங்க இருக்கட்டும்."

அன்று காலை கை கழுவும் இடத்தில் ஞானம் அக்கா என்னை மறித்தாள். அவள் பெயரும் பட்டியலில் இருந்தது.

"ஏட்டி, உனக்க அம்மைய போட்டு நாங்க பறையாத பறச்சல் இல்ல. இருந்தாலும் கேளு. வாச்ச தொடங்கும்ப கொஞ்சம் பிந்தி அமுக்கு. எங்களுக்குத்தான் போச்சு, அவளுக்காவது நிக்கட்டு."

"வழியை விடுங்க" என்றேன். எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாள். அம்மை ஒருத்தியைத் தப்பவிட்டால் மீதிப் பத்துப் பேரும் மேனேஜர் அறைக்கு ஏறிவிடுவார்கள், பழைய கணக்கைத் தோண்டுவார்கள். எனக்கு நிரந்தர ஆர்டர் வர இன்னும் இருபது நாள் இருந்தது.

கால் கிலோ பருப்பை நானே அளந்து வைத்தேன். அம்மை விரலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். நேரத்தைச் சரியாகவே தொடங்கினேன், சரியாகவே நிறுத்தினேன்.

"எவ்வளவு மக்கா?"

"பதினாலு நிமிஷம், பத்து செகண்ட்."

ஞானம் அக்காதான் எழுந்தாள்.

"சாரே, இதாக்கும் மனுசி பறிக்கியது. அன்னைக்கு அவ மவளுக்கு வேண்டி கைய முறிச்சுப் பறிச்சா. ரத்தம் வடிஞ்சத நாங்க எல்லாரும் கண்டோம். அத இவ சாதாரணம்னு எழுதி வச்சிருக்கா. கணக்கு கள்ளக் கணக்கு!"

சுயம்புராஜ் முட்டாள் அல்ல. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மையிடம் போனார். "சத்தியபாய், உள்ளதைச் சொல்லுங்க. அன்னைக்கு சாதாரணமாத்தான் பறிச்சியளா, இல்ல முக்கிப் பறிச்சியளா? முக்கித்தான் பறிச்சேன்னா கணக்கு தப்பு. பழைய எட்டு கிலோவே போதும், ஒருத்தரும் போவாண்டாம்."

மீதிப் பத்துப் பேரும் அம்மையைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லோருக்கும் வேலை நிற்கும், அவளுக்குப் பென்ஷன் நிற்கும். என் வேலை போகும், ஒருவேளை பட்டமும் போகும். அம்மை என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. அதில் அவளுக்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும்.

"சாதாரணமாத்தான் பறிச்சேன் சாரே" என்றாள். "இப்பம் எனக்குக் கை தளந்து போச்சு. மவ கணக்குல ஒரு தப்பும் கிடையாது."

"பாவி!" என்று யாரோ அலறினார்கள். ஞானம் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"எழுத்துல வாங்கிக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சுயம்புராஜ் மாடி ஏறினார்.

அம்மை சொன்னதை ஒரு எழுத்து விடாமல் தாளில் எழுதினேன். படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.