மாடி சார்

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தலைவலியே வராது. ஆனாலும் எதிர்த்தாற்போல இருந்த மருந்துக்கடையில் வருஷக்கணக்காகத் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண்ணுக்கும் விஷயம் புரியாமல் இல்லை. இப்படி ஆமை வேகத்தில் நகர்ந்த காதல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவழியாக அவள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது.

அவளுக்கோ உள்ளங்கை வேர்த்தது. காரணம் கல்யாணம் அல்ல, மாடி.

மாடி அறையில் குடியிருப்பவரைத் தெருவே மாடி சார் என்றது. அம்மாவும் அவளும்கூட "சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அவளைப் பெற்ற அப்பா. குடித்துவிட்டு பஸ் ஓட்டி, சைக்கிளில் போன ஒருவரின் உயிரைப் போக்கி, ஜெயிலுக்குப் போனவர். அவமானம் தாங்காத அம்மா மகளோடு இந்த ஊருக்கு வந்து, புருஷன் செத்துவிட்டதாகச் சொல்லி வைத்தாள். செத்தவர் விடுதலையாகி வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது? மாடிக்கு வாடகைக்கு ஆள் வந்திருக்கிறது என்றார்கள். குடியை அடியோடு விட்டிருந்த அவரும், எனக்கு இதுவே அதிகம் என்று படியேறிவிட்டார். அன்றிலிருந்து சொந்த மகளை "வாங்க, போங்க" என்றுதான் பேசுகிறார்.

கண்ணாடிக் கடைக்காரரிடமும் அவள் அந்தப் பொய்யையே சொல்லியிருந்தாள். உண்மை தெரிந்தால் மனுஷன் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாரோ என்று பயம்.

அவர் டீயைக் குடித்துவிட்டு, "மாடி சாரையும் கூப்பிடுங்க அத்தை" என்றார். அதற்குள் அத்தையாகிவிட்ட அம்மா பூரித்துப்போய்க் குரல் கொடுத்தாள். மாடி சார் இறங்கி வந்து கதவோரமாக நின்றார்.

"சார், இவங்களுக்கு அப்பா இல்லாத குறை தெரியக் கூடாது. கல்யாணத்துல அப்பா ஸ்தானத்துல நீங்கதான் நிக்கணும்."

அம்மாவின் முகம் வெளிறியது. மாடி சார் மகளைப் பார்த்தார். பெற்றவர் தன்னிடம் அனுமதி கேட்டு நிற்கிறாரே என்று அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"ஸ்தானத்துல எல்லாம் இல்லங்க" என்றாள். "இவர்தான் என் அப்பா."

முதலில் சிரித்தது மாடி சார்தான்.

"பாசத்துல சொல்றாங்க சார். இத்தனை நாளா ஒரே வீட்டுல இருக்கோம்ல? இவங்க அப்பா தங்கமான மனுஷனாம். நான் எங்க, அவர் எங்க!"

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவங்களே அப்பான்னு சொல்லிட்டாங்க. இனி நீங்க மறுக்கக் கூடாது."

இன்னொரு தடவை சொன்னால் போதும். அவள் வாயைத் திறந்தாள். 'அப்பாடா' என்று ஒரு பெருமூச்சுதான் வந்தது. தப்பித்துவிட்டோம் என்று தனக்குள் பரவிய நிம்மதியை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நிக்காதீங்க, உக்காந்து டீ குடிங்க சார்" என்றாள் அப்பாவிடம்.