முப்பத்தைந்திலிருந்து நாற்பத்திரண்டுக்கு

ஷகீல் கம்ப்யூட்டர் பிராசசரின் வெள்ளிநிறத் தகட்டின்மேல் சாம்பல்நிறப் பசையைத் தடவினான். அதைக் குளிர்விக்க மேலே உட்காரும் விசிறிக் கூலரின் அடிப்பக்கத்திலும் அதே கனத்தில் இன்னொரு பூச்சு. தாராவியின் அந்தத் தோல்பைப் பட்டறையில் இருபது வருடமாகப் பசை போடுகிறவன் அவன். அவன் ஒட்டிய கைப்பிடி பிய்ந்து திரும்பி வந்ததாகப் பேச்சே இல்லை. மழைக்காலத்தில் பசை சீக்கிரம் காயட்டும் என்று வேலைமேசைக்கு மேலே ஒரு குண்டு பல்பு எப்போதும் எரியும். இரண்டையும் அதன் சூட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். வந்து, விரலால் தொட்டுப் பார்த்து, பதம் சரி என்று திருப்திப்பட்டு, கூலரை அமுக்கி மாட்டினான்.

கம்ப்யூட்டர் அவன் அக்கா சைனப்புடையது. வெட்டுமேசையில் தோல் அறுத்துக்கொண்டிருந்தவள், பையைத் தைப்பதற்கு முன்பே அதைத் திரையில் உருவாக்கிச் சுழலவிட, நாற்பது வயதுக்கு மேல் தானாகவே கற்றுக்கொண்டாள். ஆனால் பெட்டி பழையது. ஒரு நிறத்துப் பையைச் சுற்றிலும் படமாக்கிக் கொடுக்க எழுபது நிமிடம் எடுத்துக்கொள்ளும். போன மாதம் தாணேயிலிருந்து வந்த வியாபாரி விஜயராணி மூன்று நிறம் கேட்டு, இரண்டைத்தான் பார்த்துவிட்டு ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனாள். பட்டறை முதலாளி முகைதீன், இவர்களுடைய தாய்மாமா, அன்றே சொல்லிவிட்டார்: அடுத்த முறையும் இப்படியென்றால் டிசைன் வேலை தாதரில் வேறொருவனுக்கு; சைனப் பழையபடி வெட்டுமேசைக்கு.

அந்த அடுத்த முறை இன்றுதான். மாலை மூன்றரைக்கு விஜயராணி வருகிறாள்.

அதனால்தான் ஓவர்கிளாக். நீங்கள் மிரள வேண்டாம், கண்ணுகளா, விஷயம் எளிதுதான். பிராசசர் என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்குப் பெட்டிக்குள் ஒரு எண் எழுதியிருக்கும். இவளுடையதில் முப்பத்தைந்து. சில பிராசசர்களில் அந்த எண்ணை நாமே கூட்டிக்கொள்ளலாம். இவளுடையது அந்த வகை. கூட்டினால் வேகம் கூடும், கூடவே சூடும் கூடும். ஆகவே முதலில் பழைய பசையைத் துடைத்துப் புதிது போட வேண்டும் என்று படித்திருந்தாள். பசை என்றதும் தம்பியைத் தவிர வேறு யாரிடம் கொடுப்பாள்?

பத்தரை மணிக்குப் பெட்டியை ஓடவிட்டாள். எண்ணை இன்னும் தொடக்கூட இல்லை. சூடு எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்றெட்டு. திரை அணைந்தது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது.

முகைதீன் வந்து எட்டிப் பார்த்தார். "அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு. நோண்டி நோண்டி பந்த் பண்ணிட்டீய. தூக்கிப் பங்கார்ல பழைய இரும்போட போடு புள்ள. கத்தரிய எடு."

"இன்னும் ஒருக்கா தொறந்து பாக்கேன் மாமா."

"தொற. உள்ள பிரியாணியா இருக்கு?"

கூலரைக் கழற்றியபோது பசை இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தடித்து, வெயிலில் கிடந்த செருப்பின் அடிப்பக்கம் போல வெடித்திருந்தது. நடுவில் வெறும் காற்று. சைனப் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை ஆயிரம் பைகளில் பார்த்த பூச்சு அது.

"ஏலே, இத எப்படிப் போட்ட?"

"எப்பவும் போடுத மாதிரிதான் லாத்தா. ரெண்டு பக்கமும் தடவி, வெரல் ஒட்டாத பதத்துக்குக் காய விட்டு அமுக்குனேன்."

"காய விட்டியா?"

"காயாம எப்படிப் பிடிக்கும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது ஒட்டுதுக்கு இல்லல. சூட்ட மேல கடத்துததுக்கு. ஈரமா இருந்தாத்தான் கடத்தும். பிடிச்சுக்கிடதுக்குத்தான் நாலு ஸ்குரு இருக்கே."

"அத மொதல்லயே சொல்லாண்டாமா? நான் சுத்தியல வச்சு ரெண்டு தட்டு தட்டலாம்னுல்லா பாத்தேன்."

"தட்டுனியா?"

"அதுக்குள்ள நீ வந்துட்ட."

சுரண்டித் துடைத்தார்கள். இந்தத் தடவை ஓர் அரிசி அளவு மட்டும் நடுவில் வைத்து, ஈரத்தோடு கூலரை இறக்கி, ஸ்குருவைக் குறுக்குமறுக்காக முடுக்கினான் ஷகீல். முழுவேலை கொடுத்துப் பார்த்தபோது சூடு அறுபத்திரண்டில் நின்றது. சைனப் எண்ணில் கை வைத்தாள். முப்பத்தெட்டு, ஓடியது. நாற்பது; ஓடியது. நாற்பத்திரண்டு. விசிறியின் சத்தம் மட்டும் கொஞ்சம் ஏறியது. நாற்பத்துமூன்றில் திரை நீலமாகி உறைந்தது.

"இன்னும் கொஞ்சம் கரண்ட் கூட்டிக் குடுத்துப் பாரேன்" என்றான் ஷகீல்.

"வேண்டாம்ல. தோல இழுக்கும்போது கையில ஒரு எடம் தெரியும்லா, இதுக்கு மேல இழுத்தாக் கிழிஞ்சிரும்னு? இதுதான் அந்த எடம்."

நாற்பத்திரண்டுக்கே திரும்பினாள். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சோதித்துவிட்டு, பன்னிரண்டரைக்குப் படமாக்கத் தொடங்கினாள். பழைய வேகத்தில் மூன்று நிறமும் முடியும்போது மாலை நாலு மணி ஆகிவிடும். முதல் நிறம் ஒன்று இருபத்தெட்டுக்கு முடிந்தது. ஐம்பத்தெட்டு நிமிடம். தட்டில் ஆறிக்கிடந்த சோற்றை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். இரண்டாவது நிறம் ஓடும்போது சூடு எழுபத்துநாலுக்குப் போய், அங்கேயே படுத்துக்கொண்டது. மூன்றாவது முடிந்தபோது மூன்று இருபத்தைந்து.

ஐந்து நிமிடம் கழித்து விஜயராணி குடையை உதறிக்கொண்டு படியேறினாள். "என்ன பாய், இன்னைக்காவது முழுசாக் காட்டுவீங்களா? எனக்கு நாலே காலுக்குத் தாணே வண்டியப் பிடிக்கணும்."

முகைதீன் சைனப்பைப் பார்த்தார். அவள் ஒரு விசையைத் தட்டினாள். கறுப்புப் பை சுழன்றது. பிறகு பழுப்பு. மூன்றாவதாக, மருதாணி பிடித்த விரலின் நிறத்தில் ஒரு பை மெல்லத் திரும்பி, வாய்ப் பக்கத்தைக் காட்டி, உள்பையின் தையல்வரை திறந்தது. விஜயராணி தன்னை அறியாமல் கையை நீட்டினாள். விரல் கண்ணாடியில் முட்டியது.

"இதுல பட்டை இன்னும் கொஞ்சம் நீளமா வச்சா எப்படி இருக்கும்?"

"சுத்த வேண்டாமே, நிக்குத ஒரே படம்தான? உக்காருங்க" என்றாள் சைனப். "டீ வரதுக்குள்ள காட்டிருதேன்."

பெட்டியின் விசிறி மீண்டும் இரைந்தது. ஷகீல் ஸ்குருடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு நின்றான். முகைதீன் தம் நாற்காலியிலிருந்து எழுந்தார். முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. தம் பக்கம் வீசிக்கொண்டிருந்த மேசை விசிறியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, கம்ப்யூட்டர் பெட்டிக்கு நேராகத் திருப்பி வைத்தார். திரையில் பட்டை ஒரு விரற்கடை நீண்டது, பிறகு இன்னொரு விரற்கடை.