ஃபைனலுக்குக் கிளம்பிய கார்

சனிக்கிழமை சாயங்காலம் சுண்டெலியிடமிருந்து போன் வந்தபோது லேப் அக்கா மாடிக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "அம்மா, செமில ஜெயிச்சுட்டோம்! நாளைக்கு ஃபைனல்!" என்று அந்தப் பக்கம் கத்திய கத்தலில், பிழிந்து வைத்திருந்த சட்டை கையிலிருந்து நழுவித் திரும்பவும் வாளிக்குள்ளேயே விழுந்தது.

சுண்டெலி அவளுடைய ஒரே மகள். பதினாறு வயது. பள்ளி வாலிபால் அணியிலேயே குள்ளம் என்பதால் வந்த பெயர் அது. வலைக்கு மேலே எம்பி அடிப்பது அவள் வேலை இல்லை. எதிர் அணி ஓங்கி அடிக்கிற பந்து தரையைத் தொடுவதற்குள் விழுந்து புரண்டு எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. மூன்று வருஷமாக ஆடுகிறாள். முழங்கையில் காய்ப்பு காய்த்துப்போகும் அளவுக்கு ஆடுகிறாள். ஆனால் பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஆட்டமெல்லாம் வேலை நாளில் வரும். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் காலை ஆறு மணி டூட்டி. அப்பாவுக்குத் தையல் கடை; ஒரு நாள் பூட்டினால் மறுநாள் வாசலில் நாலு பேர் சண்டைக்கு நிற்பார்கள்.

"ஞாயித்துக்கிழமையா? எத்தனை மணிக்கு?"

"ரெண்டரைக்கும்மா. ஆனா உங்களால எப்படி வர முடியும், நூத்தி எழுபது கிலோமீட்டராச்சே…"

"வர்றோம்டி" என்றாள் லேப் அக்கா. வாய் முந்திக்கொண்டது. வார்த்தை வெளியே வந்த பிறகுதான் எதில் போவது என்ற யோசனையே வந்தது.

பஸ்ஸில் போனால் மூன்று இடத்தில் மாற வேண்டும். கோப்பையைக் கொடுத்து, பந்தலைப் பிரித்து, மைதானத்தைக் கூட்டுகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர முடியும். மிச்சம் இருந்தது வீட்டு முன்னால் நிற்கிற கார். அவளுடைய அண்ணன் புது வண்டி வாங்கியபோது பழசைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்திருந்தான். வந்து ஐந்து வாரம் ஆகிறது. வீட்டிலிருந்து லேபுக்கு, லேபிலிருந்து வீட்டுக்கு என்று நாலு கிலோமீட்டருக்கு மேல் அவள் அதை ஓட்டியதில்லை. டெய்லருக்கு ஓட்டவே தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் பிரேக் இருப்பது போல மிதித்துக்கொண்டே வருவார்.

சாவியைக் கொடுத்த அன்றைக்கே அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "ஊர் தாண்டிப் போறதா இருந்தா ரெண்டு ஆயிலையும் பாக்காம எடுக்காத. எஞ்சின் ஆயில் ஒண்ணு, கியர்பாக்ஸ் ஆயில் ஒண்ணு. இது ஆட்டோமேட்டிக் வண்டி, கியர்பாக்ஸ் போச்சுன்னா வண்டியே போச்சு. புக் உள்ள இருக்கு, பாத்துக்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அண்ணனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அவன் கிரேன் ஆபரேட்டர். மேலே ஏறிவிட்டால் போன் கீழே பெட்டியில்தான் கிடக்கும். தெருமுனை மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு முன்னால் கடை திறந்ததாகச் சரித்திரம் இல்லை. பத்து மணிக்குள் கிளம்பாவிட்டால் போயும் பிரயோஜனம் இல்லை.

"அஞ்சு வாரமா நல்லாத்தானே ஓடுது, கிளம்பும்மா" என்றார் டெய்லர். குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல நின்றார். அந்த அவசரத்திலும் கழுத்தில் அளவு டேப்பை மாட்டிக்கொண்டு வந்திருந்தது அவருக்கே தெரியவில்லை.

"நடுரோட்டுல நின்னுட்டா உங்க டேப்பை வெச்சு இன்னும் எத்தனை கிலோமீட்டர்னு அளந்துக்கிட்டு நிப்பீங்களா? நாமளே பாக்கலாம். புக்கை எடுங்க."

பானெட்டைத் திறந்தாள். ஐந்து வாரத்தில் முதல் தடவை. உள்ளே குழாயும் வயரும் டப்பாவுமாக ஒரு சந்தைக்கடையே இருந்தது. பயம் வரும் என்று நினைத்தாள். வந்ததென்னவோ கையில் ஒரு குறுகுறுப்பு. லேபில் புதுசாக ஒரு மெஷின் வந்து இறங்கினால் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கத் தோன்றுமே, அதே குறுகுறுப்பு.

"மஞ்சள் வளையம் போட்ட கம்பி, எஞ்சின் ஆயிலுக்கு" என்று டெய்லர் புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தார். "எஞ்சின் நின்னுக்கிட்டு இருக்கணும். கம்பியை உருவு. துடை. திரும்ப முழுசா உள்ள விடு. மறுபடி உருவிப் பாரு. கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவுல ஆயில் இருக்கணும்."

அவர் கடையிலிருந்து கொண்டுவந்த வெள்ளை வெட்டுத்துணியால் துடைத்து, உள்ளே விட்டு, உருவிப் பார்த்தாள். கம்பியின் நுனியில் மட்டும் தேன் நிறத்தில் துளி. கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

இரண்டாவது தடவை பார்த்தாள். அதேதான்.

டெய்லருக்கு முகம் செத்துப்போயிற்று. "ஆயிலே இல்லாமலா இத்தனை நாள் ஓட்டிக்கிட்டு இருந்தோம்!"

"இருங்க, பதறாதீங்க. டிக்கியில அண்ணன் ஒரு பாட்டில் வெச்சிருக்கு." அவள் பின்பக்கம் ஓடி, சீல் உடைக்காத ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் டெய்லர் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தார். இன்னொரு குழாயிலிருந்து சிவப்பு வளையம் போட்ட கம்பியை உருவிக் கீழே வெட்டுத்துணிமேல் வைத்துவிட்டு, அந்தக் குழாயில் புனலைச் செருகித் தயாராக நின்றார்.

"ஊத்து, ஊத்து."

பாட்டிலைச் சாய்க்கப் போனவளின் கண்ணில், கீழே கிடந்த வெட்டுத்துணி பட்டது. கம்பி பட்ட இடத்தில் செக்கச்சிவப்பாக ஒரு கோடு.

"ஐயோ, நிறுத்துங்க! இது வேற ஆயில்!"

"என்னம்மா?"

"கலரைப் பாருங்க. அது தேன் கலர், இது ரத்தக் கலர். இதுதான் கியர்பாக்ஸ். எஞ்சின் ஆயிலைக் கொண்டுபோய் இதுல ஊத்தியிருந்தா கதை கந்தல்!"

டெய்லர் புனலை வெடுக்கென்று பிடுங்கினார். பதினைந்து வருஷம் ரத்தத்தோடு புழங்கிய கண் அது. மருந்துக்கடையில் சிவப்பு டானிக்கைக் கண்டாலும் எத்தனை மில்லி என்று மனசுக்குள் கணக்குப் போடுகிற கண். அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. அடிபடாமல் தப்பித்தவர்களுக்கு வருகிற சிரிப்பு.

எஞ்சின் தலையில், எண்ணெய்க் குவளைப் படம் போட்ட மூடியைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்தார்கள். அவள் கால் பாட்டில் ஊற்றினாள். சிறிது நேரம் பொறுத்து மஞ்சள் கம்பியை உருவிப் பார்த்தாள். இப்போதும் கீழ்க்கோட்டுக்குக் கீழேதான்.

இதற்குள் எதிர்வீட்டு ரிட்டயர்டு தபால்காரர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். யார் வீட்டில் எந்த மூடி திறந்தாலும் எட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். "என்னம்மா சொட்டு மருந்து மாதிரி ஊத்துற? முழுசையும் கவுத்து விடு. ஆயில் கூட இருந்தா வண்டிக்கு நல்லதுதான். என் சைக்கிளுக்கு நான் அப்படித்தான் ஊத்துவேன்."

"சைக்கிளுக்கு ஏதுங்கய்யா எஞ்சின்?" என்றார் டெய்லர்.

"மிதிக்கிறவன்தான்யா எஞ்சின்."

மணி ஒன்பது பத்து. லேப் அக்கா பாட்டிலை மறுபடி தூக்கினாள். டெய்லர் புனலைப் பிடிக்கக் குனிந்தார். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நூல்கண்டு துள்ளி விழுந்தது. விழுந்தது அங்கேயே கிடக்கவில்லை. சிமெண்ட் தரையில் உருண்டது. நீல நூலை அவிழ்த்துக்கொண்டே காருக்கு அடியில் புகுந்து, பின்பக்கமாக வெளியே வந்து, நேராக கேட் வரைக்கும் போய் முட்டி நின்றது.

லேப் அக்கா பாட்டிலோடு அப்படியே நின்றாள்.

மழைத்தண்ணீர் தேங்கக்கூடாது என்று வீட்டுக்காரர் அந்த முற்றத்தைத் தெருப்பக்கம் சரிவாகப் பூசியிருந்தார். தினமும் வாசல் கழுவுகிறாள். தண்ணீர் தானாக ஓடுவதைத் தினமும் பார்க்கிறாள். கார் அந்தச் சரிவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பது இந்த நிமிஷம்தான் உறைத்தது.

"ஏங்க, எங்க லேப்ல ரத்தம் எவ்வளவு வேகமாப் படியுதுன்னு பாக்க ஒரு குழாய் உண்டு. அது நட்டுக்குத்தலா நிக்கணும். மயிரிழை சாஞ்சாலும் ரிசல்ட் தப்பாப் போயிரும். போன வருஷம் ஒரு பொண்ணு ஸ்டாண்டைச் சாய்ச்சு வெச்சுட்டுப் போயிட்டா. நல்லா இருந்த மனுஷனை நோயாளின்னு சொல்லி அழ வெச்சோம்."

"அதுக்கும் இதுக்கும்?"

"வண்டி சாஞ்சு நிக்குதுங்க! ஆயில் பூரா பின்னாடி ஒதுங்கியிருக்கு. கம்பி எப்படி உண்மையைச் சொல்லும்? புக்குல இதைப் பத்தி ஒண்ணும் போடலையா?"

டெய்லர் புத்தகத்தைப் புரட்டினார். தொண்டையைச் செருமினார். "முதல் வரியிலேயே போட்டிருக்கு. 'வாகனத்தைச் சமதளத்தில் நிறுத்தவும்'னு."

"ஏன் வாசிக்கல?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு… தாண்டிட்டேன்."

வேறு நாளாக இருந்தால் அந்த வரிக்காக ஒரு வாரம் பேச்சுவார்த்தை இருந்திருக்காது. இன்றைக்கு அவளுக்குக் கோபமே வரவில்லை. மனசு குதியாளம் போட்டது. விடை தானாகக் கையில் வந்து விழுந்த மாதிரி இருந்தது. மூடிகளை மூடி, இரண்டு கம்பிகளையும் அதனதன் குழாயில் செருகி, வண்டியைப் பின்பக்கமாகவே தெருவுக்கு இறக்கினாள். தபால்காரர் நடுத்தெருவில் நின்று, அந்தப் பக்கம் வந்த ஒரே ஒரு ஸ்கூட்டரைக் கைநீட்டி மறித்தார். சமமான இடம் பார்த்து நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். மேலே ஏறிய ஆயில் கீழே இறங்க ஐந்து நிமிஷம் விடச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருந்தது. மூன்று பேரும் வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உருவினாள், துடைத்தாள், விட்டாள், உருவினாள். குனிந்து கண் மட்டத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது ஆயில்.

"முழுசா ஊத்தியிருந்தா?" என்றார் டெய்லர்.

"மேல்கோட்டைத் தாண்டிப் பொங்கியிருக்கும். இந்த வரியையாவது வாசிங்க, கூட இருந்தா நுரை கட்டி எஞ்சினைக் கெடுக்கும்னு போட்டிருக்கு."

தபால்காரர் வானத்தைப் பார்த்தார். "நான் சைக்கிளைத்தானே சொன்னேன்."

இனி சிவப்புக் கம்பி. அதற்கு நியாயம் தலைகீழ். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஆயிலும் சூடாக இருக்க வேண்டும். இந்தத் தடவை டெய்லர் முற்றுப்புள்ளியைக்கூட விடாமல் வாசித்தார். பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்குவதற்காகப் பெரிய ரோடு வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, அதே சம இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பிரேக்கை மிதித்தபடியே கியரை ஒவ்வொன்றாகத் தள்ளிக் கடைசியில் பார்க்கிங்கில் கொண்டுவந்து விட்டாள். எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

புது வெட்டுத்துணியில் துடைத்து, மறுபடி விட்டு உருவினாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில், அளந்து வைத்தது போல நின்றது. மூக்கில் வைத்துப் பார்த்தாள். தீய்ந்த வாடை இல்லை. வெயிலில் பிடித்தாள். கலங்கல் இல்லை, கறுப்பு இல்லை, மாதுளைச் சாறு மாதிரி தெளிந்த சிவப்பு.

"எப்படி இருக்கு?"

"ரிப்போர்ட் நார்மல்!" என்று கத்தினாள் லேப் அக்கா. தபால்காரர் கைதட்டினார். எதற்கென்று தெரியாமல் மேல் மாடியில் யாரோ கைதட்டினார்கள்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வண்டி கிளம்பியது. முதல் இருபது கிலோமீட்டர் அவள் ஸ்டியரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தாள். அதற்கப்புறம் தோள் இறங்கியது. எண்பதைத் தொட்டபோது டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார். "என்னமா ஓடுது பாத்தீங்களா!" என்று அவள் சொன்னபோது, "நீ ரோட்டைப் பாரு, நான் அப்புறமாப் பாத்துக்கறேன்" என்றார். வழியில் ஒரு பாலத்தில் நெரிசல். இரண்டு மணி நேரம் போயிற்று. மைதானத்து வாசலில் இடமில்லாமல் அரைக் கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு இரண்டு பேரும் ஓடினார்கள். செருப்பு ஒன்று அறுந்தது. அவள் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

உள்ளே நுழைந்தபோது ஆளுக்கு ஒரு செட் ஜெயித்து, கடைசி செட் நடந்துகொண்டிருந்தது. பதினைந்து பாயிண்ட் எடுப்பவர்களுக்குக் கோப்பை. பதிமூன்றுக்குப் பதிமூன்று. விழுந்து பந்தெடுப்பவளுக்கென்றே கொடுக்கிற வேறு கலர் சட்டையில், எல்லாருக்கும் தோளளவில், முழங்காலை மடக்கி நின்றிருந்தாள் அவர்கள் பெற்றது.

எதிர் அணியின் நெட்டைப்பெண் எம்பி அடித்தாள். வெடிச்சத்தம் போல வந்தது பந்து. சுண்டெலி பக்கவாட்டில் பாய்ந்தாள். உடம்பு தரையில் சறுக்கிக்கொண்டு போயிற்று. புறங்கை மட்டும் பந்துக்கும் தரைக்கும் நடுவில் நுழைந்தது. பந்து மேலே எழும்பியது. இன்னொருத்தி தூக்கிக் கொடுத்தாள், மூன்றாமவள் அடித்தாள். பதினாலு.

"என் பொண்ணு! அது என் பொண்ணு!" என்று லேப் அக்கா முன்னால் நின்றவர் முதுகில் செருப்போடு தட்டினாள். அவர் திரும்பி, கோபப்பட நினைத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து வழிவிட்டார்.

அடுத்த பந்து ஏழெட்டுத் தடவை வலையைத் தாண்டிப் போயிற்று, வந்தது. இரண்டு தடவை சுண்டெலி தரையோடு தரையாக விழுந்து எடுத்தாள். கடைசியில் எதிர் அணி அடித்தது கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி விழுந்தது. விசில் ஊதியது. பெண்கள் எல்லாரும் ஓடிவந்து அந்தக் குள்ளத்தின் மேல்தான் குவிந்தார்கள்.

குவியலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டியபோதுதான் அவள் கூட்டத்தைப் பார்த்தாள். ஒரு நொடி நம்பாமல் கண்ணைச் சுருக்கினாள். பிறகு கத்தினாள்.

"அம்மா! நீயா ஓட்டிக்கிட்டு வந்த?"

லேப் அக்கா செருப்பைப் பிடித்த கையைத் தூக்கி ஆட்டினாள். டெய்லர்தான் அழுகையும் சிரிப்புமாக வலைப்பக்கம் ஓடிக்கொண்டே சொன்னார்:

"உங்கம்மாதான்டி! நூத்தி எழுபது கிலோமீட்டரும் உங்கம்மாதான்!"