ஐயா உத்தரவுல

1.
இந்தக் கதை அலுமாரி துப்புரவாக்கும்போது அகப்பட்டது. ‘நான்’ என்று எழுத வெட்கம். ஆகவே எழுதுபவளுக்குக் கஜாலினி என்று பெயர். (நீங்கள் நம்பவேண்டுமென்றில்லை.)

கஜாலினியின் அப்பா யோகேந்திரன் கண்டியில் காணி வழக்குகள் பார்த்த சட்டத்தரணி. அனுப்பிய கடிதத்தின் பிரதியோடு வந்த பதிலையும் சேர்த்துக் குத்திவைப்பார்.

2.
முதல் தொடக்கம்: “கண்டியில் அன்று மழை...” என்றைக்குத்தான் இல்லை?

இரண்டாவது: “அப்பா நல்லவர். ஆனால்...” அதற்குப் பிறகு மூன்று நாள் ஒரு சொல்லும் வரவில்லை.

நேராகவே சொல்லலாம். பன்வில காளிமுத்து, ஒரு முதலாளியின் காணியில் யாரையும் கேட்காமல் பதினொரு வருடம் குடியிருந்தவர். அனுமதியில்லாமல் பத்து வருடம் இருந்தால் உரிமை கோரலாம் என்பது சட்டம். அது காளிமுத்துவுக்குத் தெரியாது. முதலாளியின் சட்டத்தரணியான அப்பாவுக்குத் தெரியும். 1974இல் அவர் எழுதினார்: “நீங்களும் குடும்பமும் சுகந்தானே? முதலாளியின் காணியில் வசதியாக இருக்கிறீர்களா?”

பதில்: “ஐயா உத்தரவுல, மொதலாளி புண்ணியத்துல நல்லாயிருக்கோம் சாமி.”

மரியாதைக்குச் சொல்வது. சாப்பிட்டாயா என்று கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ‘உத்தரவுல’வின் கீழே அப்பா சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார். அனுமதியோடுதான் இருந்தேன் என்று காளிமுத்துவே எழுதிக் கொடுத்தாயிற்று. காளிமுத்துவை எழுப்ப முதலாளி போட்ட வழக்கு ஒரே தவணையில் முடிந்தது.

[அடிக்குறிப்பு: அப்பா உண்மையாகவே சுகம் விசாரித்திருக்கலாம் என்று இங்கே ஒரு வரி இருந்தது. அந்தச் சிவப்புக் கோடு அதை இருக்கவிடவில்லை.]

3.
சர்மிளாவைக் கற்பனை செய்யும் சிரமம் கஜாலினிக்கு இருக்கவில்லை. காளிமுத்துவின் பேத்தியான அவள் போன கிழமை வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“ஒங்க அப்பா பைல்ல தாத்தா கையெழுத்துல ஏதாச்சும் கெடைக்குமா மிஸ்? காணிய சாராயத்துக்கு எழுதிக் குடுத்துட்டாருன்னு அப்பா இன்னும் திட்டுறாரு. தாத்தா படத்தக்கூட மாட்ட விடமாட்டேங்கிறாரு.”

“இல்லைப் பிள்ளை. அப்பான்ர பைல் எல்லாம் கறையான் அரிச்சுப்போட்டுது.”

“பரவால்லங்க மிஸ். மதிச்சு உக்கார வச்சுப் பேசுனீங்களே.”

அந்தக் கடிதம் இருந்த அலுமாரிக்கு முன்னாலிருந்த கதிரையில்தான் சர்மிளா உட்கார்ந்திருந்தாள். கஜாலினிக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

4.
முடிவுகள்.

அ) கஜாலினி கடிதத்தோடு பன்வில பஸ்ஸில் ஏறுகிறாள். (எழுதும்போது அழுகை வந்தது, தன்னை நினைத்து. வெட்டியாயிற்று.)

ஆ) கடிதத்தை எரிக்கிறாள். அவ்வளவு துணிச்சலும் இல்லை.

இ) கடிதத்தைக் கொடுக்காமல், பெயர்களை மாற்றி, கதையாக்கி உங்களிடம் தந்துவிடுகிறாள். அதுதான் நடந்திருக்கிறது. நீங்கள் பாராட்டினால் இன்னும் கேவலம்.

நான்காவதை நீங்கள் எழுதுங்கள். அதிகம் யோசிக்கவேண்டாம். காளிமுத்துவின் மகனுக்கு எழுபத்தொன்பது வயது. இன்றைக்கும் தகப்பனைத் திட்டியிருப்பார்.