பின்னறை ஓடு

"ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். அதுக்குள்ள முடிஞ்சா ஓடே போட்டுக்கோ. அதுக்கு மேல போச்சுன்னா ஷீட்டுதான்க்கா" என்று பெங்களூரிலிருந்து தம்பி ஹெப்ரான் கறாராகச் சொல்லிவிட்டான். பாளையங்கோட்டை வீட்டில் அவனுக்குப் பாதிப் பங்கு உண்டு. கூரைச் செலவில் பாதியும் அவனுடையது. அதனால் ஜெசிக்கு வாயைத் திறக்க வழியில்லை.

மதுரைத் தபாலாபீசில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இனி இருக்கிற காலம் பிறந்த வீட்டில்தான் என்று வந்து இறங்கியவள் அவள். வீடு என்றால் அவளுக்கு அந்த ஹால்தான். ஐப்பசி மழை ஓட்டில் விழ, அம்மா சாரம்மாள் அவித்த மரச்சீனிக் கிழங்கைத் தின்றுகொண்டு, தம்பியும் அவளும் பாயில் மல்லாந்து கிடந்த ஹால். கிறிஸ்துமஸுக்குக் கேரல் பாட வந்தவர்கள் நனைந்த குடைகளை மூலையில் சார்த்திவிட்டு நாலு பாட்டு கூடுதலாகப் பாடிப் போன ஹால். அதன் தலையில் தகரத்தைக் கவிழ்த்தால் மழை பெய்கிறதா, எவனாவது கல்லெறிகிறானா என்று யாருக்குத் தெரியும்?

முதலில் வந்த கான்ட்ராக்டர் வாசலில் நின்றபடியே நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போய், வாட்ஸப்பில் மூன்றரை லட்சம் என்று அனுப்பினார். ஏறிப் பார்க்கவுமில்லை, இறங்கிப் பார்க்கவுமில்லை. அந்த எரிச்சலில் இருந்தவளிடம்தான் பேட்டை ஓட்டு மேஸ்திரி அசன் முகம்மது வந்து சேர்ந்தார்.

"போட்டோவுல ஒழுக்கு தெரியுமாக்கா? மழைக்கு எங்க போவ. நாமளே பெய்ய வச்சிருவோம். ஓஸ் பைப்பு இருக்கா? ஒரு சாக்பீஸு?"

பைப்போடு அவர் கூரையேறினார். கீழே சொட்டு விழுகிற இடத்தில் வட்டம் போட வேண்டியது ஜெசியின் வேலை. அறுபத்தொரு வயதில், முட்டுவலியோடு, தரையில் தவழ்ந்து சாக்பீஸால் வட்டம் போடுகிற பிழைப்பு. ஹாலில் அரைமணி நேரம் தண்ணீர் அடித்தும் மூன்றே வட்டம். பிள்ளைகள் படுத்த நடு அறையில் இரண்டு. பின்னறைக்குப் போனால் வட்டம் போட இடமில்லை. அவள் தலையிலும் முதுகிலுமாகக் கொட்டியது.

அது அப்பா படுத்த அறை. பாக்கியசீலன் வாத்தியாரின் கஞ்சத்தனம் தெருவுக்கே தெரியும். மழைக்காலம் தொடங்குமுன் கூலியை மிச்சம் பிடிக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தானே கூரையில் ஏறிவிடுவார். 'ஊருக்கெல்லாம் பாடம் சொல்லுத மனுசனுக்கு, தான் படுக்க எடத்துல ஒழுக்கை அடைக்கத் தெரியல' என்று அம்மா சொல்லும்போது ஜெசியும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

அசன் முகம்மது இறங்கி வந்தார். "பின்னறை முந்தி அடுப்படியா இருந்துச்சாக்கா?"

"ஆமா பாய். நான் பொறக்கதுக்கு முந்தி."

"அதான் பாத்தேன். ஓட்டைத் தாங்குத கைமரமெல்லாம் புகையேறிக் கறுத்துக் கெடக்கு, ஆனா புகை குடிச்ச ஓடு அங்கன ஒண்ணுகூட இல்ல. எல்லாம் ஹாலுலயும் நடு அறையிலயும்லா கெடக்கு. அண்ணாந்து பாருங்க."

பார்த்தாள். சிவப்பு ஓடுகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்பு. சின்ன வயதிலிருந்து பார்க்கிறதுதான். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"இங்கன ஓடு உடையும்போதெல்லாம் பின்னறையில இருந்து நல்லதை எடுத்து இங்கன மாட்டிருக்காங்க. உடைஞ்சதை சிமெண்டு பூசி அங்கன வச்சிருக்காங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, அம்பது தேறும்."

இந்தக் கூரையில் ஏறியவர் அப்பா ஒருவர்தான். கிழக் கஞ்சன் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறாளே, பாவி.

அசன் முகம்மது மும்முரமாகக் கணக்குப் போட்டார். "பேசாம பின்னறையை இடிச்சிருவோம்க்கா. ஆளும் படுக்கல. அதுல உள்ள மரத்தை வச்சே ஹாலுக்குக் கைமரம் மாத்திருதேன். ரெண்டு லட்சத்துல ஹால் அப்படியே ஓட்டோட நிக்கும்."

"இடிக்காமச் செஞ்சா?"

"மூணு ஆவும். வீண் செலவு."

ஹெப்ரான் சொன்ன தொகைக்குள், அவள் ஆசைப்பட்ட ஹால் அப்படியே கையில் வந்து நின்றது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளால் முடியவில்லை. இத்தனை வருஷம் அந்த அறையை உரித்துத்தான் இந்த ஹால் நின்றிருக்கிறது. மிச்சத்தையும் தன் கையாலேயே உரிக்கச் சொல்வதா?

தம்பிக்குப் போன் போட்டாள். புகை ஓட்டைச் சொன்னாள், ரெண்டு லட்சத்தைச் சொன்னாள், மூன்றையும் சொன்னாள்.

"இடிக்க மாட்டேம்ல. மூணு லட்சத்துக்கு ஒனக்குச் சம்மதமில்லன்னா ஷீட்டே போடு. ஹால் போனாப் போகுது. ஆனா பின்னறை நிக்கணும், அதுக்கும் ஷீட்டு போடணும்" என்றாள்.



"அக்கா" என்றான் ஹெப்ரான். குரல் உடைந்திருந்தது. "மழை ராத்திரியில முழிப்பு வந்தா, அப்பா ஹாலுல நாற்காலியில உக்காந்திருப்பாங்க. என்னப்பான்னு கேட்டா, ஒறக்கம் வரலலே, நீ படுன்னு சொல்லுவாங்க. நானும் படுத்துருவேன்."

ஜெசி அண்ணாந்து அந்தக் கறுப்பு ஓடுகளைப் பார்த்தாள்.

"ஷீட்டெல்லாம் வேண்டாம். மூணு லட்சமே ஆவட்டும்க்கா. பாய்ட்ட சொல்லு, மொதல்ல பின்னறையில ஓடு போடட்டும்."